நேரம் சரியில்லை என்று இன்னும் எத்தனை வருடம் சொல்வீர்கள்?

இலங்கைப் பாராளுமன்றத்தில் இருக்கும் முஸ்லிம் உறுப்பினர்களுக்கு,

போன மாதம் எங்கள் ஊர்ப் பாடசாலை மண்டபத்தில் ஒரு கூட்டம். பாதை, குடிதண்ணீர், மீன்பிடித் துறை எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் இருந்து ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினோம். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி. மேடையில் உங்களில் ஒருவர் இருந்தார். சீட்டை வாசித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இது உணர்வுபூர்வமான விசயம் சகோதரிமாரே, இப்போதைக்கு நேரம் சரியில்லை" என்றார். அப்புறம் ஸலவாத்து, கூட்டம் முடிந்தது, ரோல்ஸும் சோடாவும் கொடுத்தார்கள்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அதே வசனத்தை முப்பது வருடத்துக்கு மேலாக எத்தனையோ வாய்களில் கேட்டுவிட்டேன், ஒருவரை மட்டும் பிடித்து ஏசுவது நியாயமில்லை. ஆனால் அந்த வசனத்தைப் பற்றி உங்கள் எல்லோரிடமும் கதைக்க வேண்டியிருக்கிறது. நான் கிழக்குக் கரையில் முப்பத்தொரு வருடம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. சொல்லப் போவதில் பாதி நான் வாசித்தது, பாதி என் கண்ணால் கண்டது.

நேரம் எப்போதெல்லாம் சரியில்லாமல் இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை உடுத்த உடுப்போடு விரட்டினார்கள். அந்தக் காலத்தில் முஸ்லிம்களின் விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தால் "உயிரே போகுது, இப்பவா இது?" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். 2004இல் கடல் வந்தது. 2014இல் அளுத்கமவில் முஸ்லிம்கள் மீது தாக்குதல். 2018இல் அதே மாதிரி அம்பாறை, பிறகு திகன. 2019இல் ஈஸ்டர் குண்டுகள். அதற்குப் பிறகு அபாயாவோடு ஆஸ்பத்திரிக்குள் போகவே பயந்த மாதங்கள். 2020இல் கொரோனாவில் மௌத்தான எங்கள் ஆட்களின் ஜனாஸாக்களை, உடல்களை, அடக்க விடாமல் எரித்தார்கள். 2022இல் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசை.

இதில் எதுவும் பொய்யில்லை. இந்த ஒவ்வொன்றிலும் நாங்களும் இருந்தோம். வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் இருந்த புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலுக்குள் பிள்ளை பெற்றவள் பெண். ஜனாஸா எரிப்புக்கு எதிராகப் பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டப்பட்டபோது, இங்கே ஊரில் எங்கள் வாசல் கேற்றுகளிலும் கட்டினோம். சமுதாயத்துக்கு ஒன்று என்றால் எங்களை வீதிக்கு அழைப்பதற்கு உங்களுக்கு நேரம் சரியாகத்தான் இருந்தது. எங்களுக்கு ஒன்று என்றால்தான் மணிக்கூடு நின்றுவிடுகிறது.

2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் இந்த விவாகச் சட்டத்தைத் திருத்த அரசாங்கம் ஒரு குழு நியமித்தது. அறிக்கை 2018 ஜனவரியில் கொடுக்கப்பட்டது. ஒன்பது வருடம். அதுவும் ஒரு குரலில் வரவில்லை. குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு விதமான பரிந்துரைகள் கொடுத்தது. அதற்கு முன்னும் குழுக்கள் இருந்தன. 2021இல் பலதார மணத்தையும் காதி முறையையும் நீக்க அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்ததாக அறிவித்தார்கள். சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வரவில்லை.

மர்சூப் குழுவை நியமித்த வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். அறிக்கை வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. 2021இல் அவளுக்குப் பன்னிரண்டு. அன்றிலிருந்து அவளைக் கல்யாணம் முடித்துக் கொடுக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமான 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லாமல் போனது. பன்னிரண்டுக்குக் கீழே என்றாலும் காதி விசாரித்து அனுமதித்தால் பதியலாம் என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. நாட்டில் மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் 1995 முதல் 18 வயது. தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு கொள்வதை, அவள் சம்மதித்தாலும், பாலியல் வல்லுறவு என்கிறது. அதிலும் ஒரு விலக்கு: பன்னிரண்டு வயதைத் தாண்டிய மனைவி. அந்த விலக்கு யாருடைய பிள்ளைகளுக்காக வைக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

"இப்போ யார் பன்னிரண்டு வயதில் கட்டிக்கொடுக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். சரி, பன்னிரண்டை விடுங்கள். என் வரவுப் பதிவேட்டைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை, கணிதத்தில் கெட்டிக்காரி. இரண்டு கிழமை வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்ட கம்புகள் இன்னும் கழற்றாமல் நின்றன. அவளுடைய உம்மா எனக்கு மஸ்கத் இனிப்புத் தந்தா. "டீச்சர், நல்ல இடம் வந்திச்சு, விட்டா கிடைக்காது." பிள்ளை அறைக்குள் இருந்து வந்து, என்னைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்து நிற்பது போலக் கதவடியில் நின்றாள். கையில் மருதாணி. பதினைந்து வயதும் சில மாதங்களும். அடுத்த நாள் பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் கோடு இழுத்தேன். காரணம் எழுதும் இடத்தில் "விலகல்" என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? சட்டப்படி எதுவும் பிழையாக நடக்கவில்லையே. முப்பத்தொரு வருடத்தில் அந்த மாதிரிக் கோடு பதினெட்டு இழுத்திருக்கிறேன். அந்தக் கணக்கை அரசாங்கம் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்திருந்தேன்.

இப்போது உங்களில் பலர் 18க்குச் சம்மதம் என்கிறீர்கள். நல்லது. ஆனால் கூடவே, "விசேட காரணம் இருந்தால் 16இல் காதி அனுமதிக்கலாம்" என்று ஒரு பின்கதவையும் திறந்து வைக்கப் பார்க்கிறார்கள் சிலர். மொறோக்கோவின் கதை இதற்கு நல்ல உதாரணம். அங்கே 2004இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தி 18 என்று வைத்தார்கள், நீதவான் அனுமதித்தால் குறைந்த வயதிலும் செய்யலாம் என்று ஒரு வரியையும் விட்டார்கள். அந்த வரியால் வருடா வருடம் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் வந்தன. கேட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அனுமதியும் கிடைத்தது. விதிவிலக்கு என்று எழுதியது வழக்கமாகிப் போனது. எங்கள் ஊரில் விசேட காரணம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கிறீர்கள்? "நல்ல இடம் வந்திச்சு" என்பதே போதும்.

மொறோக்கோவைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே பெண்கள் 1992இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தக் கேட்டுப் பத்து லட்சம் கையெழுத்துச் சேகரிக்கக் கிளம்பினார்கள். அவர்களை மார்க்கத்தை விட்டுப் போனவர்கள் என்றெல்லாம் ஏசினார்கள். அடுத்த வருடம் சின்னச் சின்ன மாற்றங்கள் மட்டும் வந்தன. 2000இல் றபாத்தில் திருத்தத்துக்கு ஆதரவாக ஒரு பெரிய ஊர்வலம், அதே நாளில் கசபிளாங்காவில் எதிர்ப்பு ஊர்வலம். எதிர்ப்பு ஊர்வலத்திலும் ஏராளமான பெண்கள் இருந்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. பிறகு 2003 மே மாதம் கசபிளாங்காவில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. எங்கள் கணக்குப்படி பார்த்தால், அதோடு நேரம் சரியில்லாமல் போயிருக்க வேண்டும். ஆனால் அந்த வருடம் ஒக்டோபரில்தான் திருத்தம் அறிவிக்கப்பட்டது, அடுத்த வருடம் சட்டமானது. வயது வந்த பெண் தன் நிக்காஹைத் தானே ஒப்பந்தம் செய்யலாம், ‘வலி’, அதாவது அவளுக்காக நின்று மணம் முடித்துக் கொடுக்கும் ஆண் பாதுகாவலர், கட்டாயமில்லை என்று அதில் எழுதினார்கள்.

இங்கே அந்த ‘வலி’யைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒரு கதை உண்டு.

1993இல் எனக்குக் காவின் எழுதினார்கள், அதாவது நிக்காஹ் முடித்துப் பதிந்தார்கள். வயது இருபத்தாறு, பட்டதாரி, அரசாங்கச் சம்பளம். நான் அறைக்குள் ராத்தாமாரோடு இருந்தேன். நிக்காஹ் நடப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. என் பெயரை மௌலவி கொஞ்சம் பிழையாக உச்சரித்தார், என் சாச்சி சிரித்தா. அவ்வளவுதான் என் பங்கு. பதிவுப் புத்தகத்தை யாரும் அறைக்குள் கொண்டுவரவில்லை. பல வருடம் கழித்து உம்றா போவதற்காகப் பதிவின் பிரதி எடுத்தபோதுதான் அதை முதன்முதலில் பார்த்தேன். மாப்பிள்ளையின் கையெழுத்து இருந்தது. வாப்பாவின் கையெழுத்து, அதில் அவருடைய அந்தக் கோணல் ‘மீம்’ எழுத்து. சாட்சிகள் இரண்டு பேர். பதிவுகாரர். என்னுடையது இல்லை. போட மறந்ததில்லை, போட ஓர் இடமே இல்லை. கந்தோரில் இருந்த பெண் "என்ன டீச்சர், பிழையா?" என்று கேட்டாள். "இல்லை, சரியாகத்தான் இருக்கு" என்றேன்.

என் கணவர் நல்ல மனிதர், வாப்பாவும் நல்ல மனிதர். என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள். அதனால்தான் இதை நிதானமாக எழுத முடிகிறது. கேட்காமல் செய்யப்பட்டவர்களுக்கும் அதே பதிவு, அதே கையெழுத்துகள். அந்தப் பத்திரத்தைப் பார்த்து இரண்டு பேரில் யார் சம்மதித்தவள், யார் அழுதவள் என்று சொல்ல முடியாது. இப்போது சில பதிவுகாரர்கள் தாமாகவே பெண்ணிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும். சட்டம் கேட்கவில்லை.

கன்சா பின்த் கிதாமின் ஹதீஸ் உங்களுக்குத் தெரியாததில்லை, புகாரியில் இருக்கிறது. தகப்பன் தன் விருப்பமில்லாமல் கட்டிக்கொடுத்துவிட்டார் என்று அந்தப் பெண் நபிகளிடம் வந்து சொன்னார். நபிகள் அந்த நிக்காஹை ரத்துச் செய்தார்கள். இன்று அப்படி ஒரு பெண் காதியிடம் வந்தால் அவள் சம்மதிக்கவில்லை என்பதற்குப் பதிவில் என்ன அடையாளம் இருக்கும்?

"இது அல்லாஹ்வின் சட்டம், கைவைக்க முடியாது" என்கிறீர்கள். கொஞ்சம் அமைதியாகக் கேளுங்கள். ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு தொகுப்பு இருந்தது. 1806இல் ஆங்கிலேயர் அதை முகம்மதியச் சட்டக்கோவை ஆக்கினார்கள். 1929இல் ஒரு கட்டளைச் சட்டம், அதில்தான் காதிமார் வந்தார்கள். 1951இல் இப்போதைய சட்டத்தைப் பாராளுமன்றம் கையுயர்த்தி நிறைவேற்றியது. கையுயர்த்திச் செய்ததைக் கையுயர்த்தித் திருத்தலாம். இன்னொன்று: அந்தச் சட்டத்தில் கைக்கூலி என்று ஒரு சொல் இருக்கிறது, அதற்கு வரைவிலக்கணமும் இருக்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் காசு. குர்ஆனில் மஹர் இருக்கிறது, அது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. கைக்கூலி எந்த வசனத்தில் இருக்கிறது? எங்கள் கரையில் ஒரு வாப்பா மகளுக்கு வீடு கட்டி, அதற்கு மேல் காசும் எண்ணிக் கொடுத்துத்தான் கரையேற்றுகிறார். என் வாப்பா வயலில் பாதியை விற்றார். அந்தச் சொல்லைச் சட்டத்துக்குள் விட்டபோது ஷரீஆவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெண்ணின் கையெழுத்தைச் சேர்த்தால் மட்டும் ஆகிவிடுமா?

ஒரு சனிக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் துணையாகக் காதியிடம் போனேன். நீதிமன்றம் என்றதும் நீங்கள் கட்டடமொன்றைக் கற்பனை பண்ண வேண்டாம். ஒரு பொதுக் கட்டடத்தின் பின் அறை, அவ்வளவுதான். விறாந்தையில் ஒரு வாங்கு, அதில் ஆண்கள். நாங்கள் மாமரத்தடியில் நின்றோம். அவளுடைய குழந்தைக்குப் பதினொரு மாதம், வெக்கைக்கு அழுதுகொண்டே இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒருவர் போனார், தலாக் சொல்ல வந்தவர். சமரசம் பேச ஒரு காலம் விட்டுத்தான் அது நடக்கும், அது உண்மை. ஆனால் ஏன் விடுகிறாய் என்பதற்கு அவர் காரணம் காட்டத் தேவையில்லை, சட்டம் கேட்பதில்லை. கால் மணித்தியாலத்தில் வெளியே வந்து மோட்டார் சைக்கிளை மிதித்தார்.

அவள் கேட்டது பஸ்ஹு, கணவனின் பிழையைக் காட்டி மனைவி கேட்கும் விவாகரத்து. அதற்குக் காரணம் வேண்டும், சாட்சி வேண்டும், மூன்று ஜூரிமார் வேண்டும். காதியும் ஜூரிமாரும் எல்லோரும் ஆண்கள். காதியாக நியமிக்கப்படுபவர் ஆணாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, விவாகப் பதிவுகாரரும் அப்படித்தான், மேன்முறையீடு கேட்கும் காதிகள் சபையின் ஐந்து பேரும் அப்படித்தான். சட்டத்தரணியைக் கொண்டுபோக முடியாது. "டீச்சர் நீங்க வெளிய நில்லுங்க" என்று என்னையும் அனுப்பிவிட்டார்கள். ஜன்னல் பாதி திறந்திருந்தது. "எந்த இடத்தில அடிச்சார்?" என்று ஒரு குரல். அவள் பதில் சொல்லவில்லை. இன்னொரு குரல், அன்பாகத்தான்: "மகள், கொஞ்சம் அனுசரிச்சுப் போனா என்ன?" அடித்ததைக் கண்ட சாட்சி யார் என்று கேட்டார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு அறைக்குள் நடந்ததற்கு மாமியாரை விட்டால் யார் சாட்சி? மாமியார் வந்து என்ன சொல்வார்?

பதினேழு மாதம் இழுத்தது. அவன் வந்தது நாலு தவணைக்கு. பிள்ளையின் செலவுக்குத் தகப்பன் கட்ட வேண்டிய தாபரிப்பு மாதம் 4,000 ரூபாய் என்று தீர்ப்பு. ஒரு சின்னப் பால்மாப் பக்கற்றே அப்போது ஆயிரத்துக்கு மேல். அதையும் அவன் கட்டவில்லை, வசூலிக்க நீதவான் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே புதிதாக ஒரு வரிசை. தீர்ப்பு பிழை என்றால் காதிகள் சபைக்குப் போகலாமே என்பீர்கள். அது கொழும்பில். கைக்குழந்தையோடு இரவு பஸ், எட்டு ஒன்பது மணித்தியாலம், அங்கே தங்க இடம், திரும்ப ஒரு இரவு. அவள் போகவில்லை.

நல்ல காதிமாரையும் கண்டிருக்கிறேன். ஒருவர் வந்த பெண்ணுக்குத் தன் பையிலிருந்து பஸ் காசு கொடுத்ததை நானே பார்த்தேன். நல்லவர் இருக்கும் ஊரில் பிறந்தால் நீதி கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையைத்தான் மாற்றக் கேட்கிறோம். அவர்களை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு, படி கொடுப்பது அரசாங்கம். அப்படியென்றால் அது அரசின் நீதிமன்றம். அதில் ஒரு முஸ்லிம் பெண் உட்கார முடியாது. உயர் நீதிமன்றத்தில் உட்காரலாம், மாமரத்தடிப் பின் அறையில் முடியாது!

பெண் காதியாவதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்று ஒரு மௌலவி எனக்கு விளக்கினார். நாங்கள் ஷாபி மத்ஹப், அந்த இமாமின் சட்ட வழியில் நடப்பவர்கள் என்றார். இந்தோனேசியாவும் ஷாபிதான். அங்கே மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். மலேசியாவும் ஷாபிதான், 2010இல் ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண்களை நியமித்தார்கள். பலஸ்தீனத்தில் மேற்குக் கரையில் 2009இல். பாகிஸ்தானில் சமஷ்டி ஷரீஆ நீதிமன்றத்துக்கு 2013இல் ஒரு பெண் நீதிபதி வந்தார். இவர்கள் எல்லோரும் ஓதாமல் செய்தார்களா? மௌலவி "அது அவங்கட நாடு" என்றார். மத்ஹபுக்கு எப்போதிருந்து கடவுச்சீட்டு வந்தது என்று கேட்க வாய் வந்தது, வயதானவர் என்று விட்டுவிட்டேன்.

பலதார மணமும் அப்படித்தான். துனீசியா 1956இலேயே அதைத் தடை செய்தது. மனைவியரிடையே நீதமாக நடக்க நீங்கள் எவ்வளவு விரும்பினாலும் உங்களால் முடியாது என்று சூரா நிஸாவின் 129ஆம் வசனம் சொல்வதைத்தான் அவர்கள் வாதமாக வைத்தார்கள். பாகிஸ்தானும், பின்னால் பங்களாதேஷும் அவ்வளவு தூரம் போகவில்லை. 1961 கட்டளைச் சட்டத்தின்படி அங்கே இரண்டாவது மணத்துக்கு மத்தியஸ்த சபையின் எழுத்து அனுமதி வேண்டும், இருக்கும் மனைவி சம்மதித்தாளா என்று கேட்பார்கள். எங்கள் சட்டத்தில் காதிக்கு முப்பது நாள் முன்னதாக அறிவித்தால் முடிந்தது. மனைவியின் சம்மதம் என்ற சொல்லே இல்லை. கணவனின் இரண்டாவது கல்யாணத்தை வட்ஸ்அப்பில் வந்த படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்ட பெண்ணை எனக்குத் தெரியும். அவள் முதலில் கவனித்தது அவன் போட்டிருந்த சேர்ட்டை. அவள் பெருநாளைக்கு வாங்கிக் கொடுத்தது.

முஸ்லிம் நாடெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆப்கானிஸ்தானில் பெண்பிள்ளைகளின் பாடசாலையை ஆறாம் வகுப்போடு மூடி வைத்திருக்கிறார்கள், ஆசிரியையாக அதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது. ஈரானில் 1967இல் வந்த குடும்பப் பாதுகாப்புச் சட்டம் 1979 புரட்சியோடு போனது. ஈராக்கில் 1959 சட்டம் அந்தப் பிராந்தியத்திலேயே நல்லது என்று பெயரெடுத்தது, 2025 ஜனவரியில் பாராளுமன்றம் அதைத் திருத்தி மத்ஹபுகளின் கைக்கு விட்டது, பெண்கள் பக்தாதில் வீதிக்கு வந்தும். எகிப்தில் மனைவி மஹரைத் திருப்பிக் கொடுத்து விலகும் குலா சட்டத்துக்கு 2000 வரை காத்திருந்தார்கள். ஆக, எல்லா இடத்திலும் ஒரே குர்ஆன், ஆனால் சட்டம் ஒவ்வொரு மாதிரி. அந்த வித்தியாசத்தை மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். எங்கள் நாட்டில் அந்த மனிதர்கள் நீங்கள்.

பெண்ணியம் மேற்கிலிருந்து வந்த சரக்கு, இவர்கள் என்.ஜி.ஓ. காசுக்குக் கதைக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். என்னிடம் நேரேயே சொன்னார்கள். நான் என் ஓய்வூதியத்தில் ஓட்டோ பிடித்துத்தான் அந்தச் சனிக்கிழமை போனேன். எனக்குப் பெண்ணியம் என்ற சொல் பழகுவதற்கு முன்பே என் உம்மும்மா, கடுத்தம் என்ற நிக்காஹ் பதிவில் எழுதிய மஹரைத் தராமல் விட்ட மாப்பிள்ளையை வீட்டுப் படியில் நிறுத்திக் கேட்டவ. வீடு அவவுடையது, இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். அந்தத் தைரியத்துக்கு எந்த நாட்டுக் காசும் தேவைப்படவில்லை. 1980களின் நடுவிலிருந்து கொழும்பிலும் புத்தளத்திலும் கிழக்கிலும் முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டும் சாட்சியம் சேர்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

இன்னொரு பயமும் உங்களுக்கு இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தச் சட்டத்தை எங்கள் மேல் அன்பில்லாதவர்களும் பிடித்து ஆட்டுகிறார்கள். 2021இல் "ஒரே நாடு, ஒரே சட்டம்" செயலணிக்கு ஞானசார தேரரைத் தலைவராகப் போட்டதைப் பார்த்தோம். முஸ்லிம்களுக்கு எதிராக நெருப்புக் கக்கியவர் முஸ்லிம் பெண்ணின் நீதிக்காக உட்கார்ந்தார். அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல், மீதி உங்கள்மேல். நீங்கள் உட்கார வேண்டிய கதிரையைக் காலியாக விட்டதால்தானே அவருக்கு இடம் கிடைத்தது? நீங்களே ஒழுங்காகத் திருத்தியிருந்தால் அந்தச் செயலணிக்கு எங்களைக் காட்டிக் கதைக்க என்ன மிச்சம் இருந்திருக்கும்?

ஆகவே கேட்கிறேன். திருமண வயது 18, காதியோ நீதவானோ யாரும் தளர்த்த முடியாதபடி. 363ஆம் பிரிவில் உள்ள அந்த விலக்கை நீக்குங்கள். நிக்காஹ் பதிவில் மணப்பெண்ணின் கையெழுத்து கட்டாயம், வயது வந்த பெண்ணுக்கு ‘வலி’ அவள் விரும்பினால் மட்டும். எல்லா நிக்காஹும் கட்டாயமாகப் பதியப்பட வேண்டும். பதியாவிட்டாலும் மணம் செல்லும் என்று இப்போது சட்டம் விட்டிருப்பதால், கையில் ஒரு கடதாசி இல்லாமல் பிள்ளைத் தாபரிப்புக்கு அலையும் பெண்களை நீங்களும் உங்கள் தொகுதியில் பார்த்திருப்பீர்கள். காதி, ஜூரி, பதிவுகாரர், காதிகள் சபை என்று எல்லாவற்றிலும் "ஆண்" என்ற சொல்லை எடுங்கள், கூடவே சட்டம் படித்தவர்களை நியமியுங்கள். விவாகரத்துக்கு இருவருக்கும் ஒரே நடைமுறை, சட்டத்தரணிக்கு அனுமதி, வசதியில்லாதவளுக்கு அரச சட்ட உதவி. தாபரிப்புக் கட்டளையை அதே இடத்தில் அமுல்படுத்த அதிகாரம். பலதார மணத்தை நீக்குங்கள். இதில் உங்களோடு நீண்ட நேரம் வாதாட நான் தயார், ஆனால் மனைவிக்குத் தெரியாமல் நடக்கும் இன்றைய முறையை ஒரு நாளும் ஏற்க மாட்டோம்.

இரண்டு முஸ்லிம்கள் விரும்பினால் நாட்டின் பொது விவாகச் சட்டத்தின் கீழ் பதிய வழி விடுங்கள். இப்போது முடியாது. இந்த நாட்டுப் பிரசைக்கு நாட்டுச் சட்டம் மூடிக் கிடக்கிறது. பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 16(1)ஆம் உறுப்புரையைப் பற்றியும் உங்கள் நிலைப்பாடு என்ன என்று சொல்லுங்கள். அது இருக்கும்வரை நாங்கள் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினாலும் பயனில்லை.

இவற்றை வைத்து ஒரு சட்டமூலத்தை எந்த மாதத்தில் கொண்டுவரப் பாடுபடுவீர்கள் என்று திகதி போட்டு, நீங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, எழுத்தில் பதில் தாருங்கள். சம்மதமில்லாத விடயங்கள் எவை என்றும் அதில் எழுதுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள். "நேரம்" என்ற சொல்லைப் பாவிக்க வேண்டாம். சட்டமூல வரைவை மூன்று மொழியிலும் வெளியிட்டுவிட்டு, மாவட்டம் மாவட்டமாகப் பெண்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கள் மண்டபத்துக்குத் திரும்ப வருவீர்கள் என்று நம்புகிறேன். வரும்போது அந்தத் திரையின் இந்தப் பக்கத்துக்கும் ஒரு மைக் வைக்கச் சொல்லுங்கள். சீட்டு அனுப்பி எங்களுக்குக் களைத்துவிட்டது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
கிழக்கு மாகாணம்